மண்டியிட்ட சிப்பாய்



போன வாரம் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தேன். தேக்குக் கட்டையின் மேல் மண்டியிட்டு, கையிலுள்ள கத்தியால் மண்ணைக் குத்திப் பார்க்கும் ஒரு சின்னச் சிப்பாய். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசும் வைத்திருந்தேன். "எந்தக் கடையில வாங்குனீங்க டீச்சர்?", "கொலுவுக்கா டீச்சர்?", "பேரனுக்கா சித்தி?" என்று விடாமல் கேட்டுவிட்டீர்கள். கேள்வி கேட்டால் நான் ஐந்து மதிப்பெண் விடையாகத்தான் எழுதுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அது கடையில் வாங்கிய பொம்மை அல்ல. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசி நானே செய்தது. 67 வயதில் முதல் முறை. மூன்று வாரம் பிடித்தது.

பெட்டி என் பேரனுடையது. சென்னையில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மே லீவுக்கு ஆனையூர் வந்தபோது கொண்டுவந்தான். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்ட பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்துக் காலாட்படை வீரர்கள். பெட்டியின் மேல் அருமையான படம். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் கொள்ளுத்தாத்தா இதே உடுப்புதான் போட்டிருந்தார்டா" என்றேன். அவன் பெட்டியைத் திரும்பப் பார்த்தான். "இதுல இருக்குறவங்க எல்லாருமே வெள்ளைக்காரங்களா இருக்காங்களே அம்மாச்சி" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னான். இரண்டு நாளில் தெருப் பையன்களோடு கிரிக்கெட்டில் இறங்கிவிட்டான். ஊருக்குப் போகும்போது பெட்டியை என்னிடமே விட்டுவிட்டு, "நீங்க செஞ்சு வைங்க அம்மாச்சி, காலாண்டு லீவுல வந்து பாக்குறேன்" என்று சொல்லிப் போனான்.

உறவுகளுக்கு அப்பாவைத் தெரியும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். என் அப்பா வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1941-ல் பெங்களூர் போய் மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் சேர்ந்தார். சேப்பர் என்றால் படைக்குப் பாதை போடுகிறவர், பாலம் கட்டுகிறவர், எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுக்கிறவர். 1780-ல் இரண்டு கம்பெனி பயோனியர்களாகத் தொடங்கிய படை அது. ராணுவத்தில் இவர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப் பெயர். அப்பா 1946-ல் திரும்பி வந்தார். பிறகு பொதுப்பணித்துறையில் மேஸ்திரி வேலை. 1994-ல் காலமானார். போர் பற்றி அவர் எங்களிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது.

வீட்டில் இருப்பது மூன்றே பொருள்கள். பழுப்பேறிய ஒரு டிஸ்சார்ஜ் சான்றிதழ். பெங்களூர் ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், மெட்ராஸ் சேப்பர்களுக்கே உரிய விளிம்பில்லாத தொப்பியோடு. ஆறு முனை கொண்ட இரண்டு வெண்கல நட்சத்திரங்கள். ஒன்று ஆப்பிரிக்கா ஸ்டார். அதன் ரிப்பன் மணல் நிறத்தில், நடுவில் சிவப்புப் பட்டையோடு இருக்கும். மணல் நிறம் பாலைவனத்துக்கு, சிவப்பு தரைப்படைக்கு, இரு பக்கமும் உள்ள மெல்லிய கருநீல, வெளிர்நீலக் கோடுகள் கடற்படைக்கும் விமானப்படைக்கும். இன்னொன்று இத்தாலி ஸ்டார். அதில் இத்தாலியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை. திருப்பிப் பார்த்தால் அப்பாவின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் போனார்கள். 87,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எட்டாவது ராணுவம் என்பது பிரிட்டன்காரர்கள் மட்டும் அல்ல. இந்தியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர், கிரேக்கர், பிரெஞ்சுக்காரர் எல்லாம் சேர்ந்ததுதான். நம் நான்காவது இந்திய டிவிஷன் எல் அலமேனிலும் இருந்தது, பிறகு துனீசியாவிலும் இத்தாலியின் மான்டே கசினோவிலும் இருந்தது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. பெட்டி மேல் அந்த ஒரு வரிகூடக் கிடையாது. பேரன் நம்பாததில் வியப்பில்லை. அவன் கண்ணால் பார்க்கும்படி ஒருவரைச் செய்து வைப்பது என்று முடிவு செய்தேன்.

பெட்டியைத் திறந்தால் ஒரு சட்டத்தில் கைகள், கால்கள், தலைகள், துப்பாக்கிகள் எல்லாம் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கொய்யாக் கிளையில் காய் தொங்குவது போல. இந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். எல்லாம் ஒரே நிறப் பிளாஸ்டிக். உடுப்பும் அதே நிறம், முகமும் அதே நிறம். எனக்குப் பிடித்தது அதுதான். பெட்டிப் படம் யாரை வேண்டுமானாலும் காட்டட்டும், உள்ளே இருப்பவனுக்கு இன்னும் ஊர் கிடையாது.

அளவு 35-ல் ஒரு பங்கு. ஐந்தடி ஏழு அங்குல மனிதர் நிமிர்ந்து நின்றால் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருப்பார். தலை ஆறரை மில்லிமீட்டர். ஏன் 35, ஒரு முழு எண்ணாக 30 அல்லது 40 வைத்திருக்கக் கூடாதா என்று கணக்கு டீச்சர்கள் கேட்பார்கள். ஜப்பானின் டமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் ஒரு டாங்கி மாடல் செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும். அடங்கும் அளவுக்கு டாங்கியைச் செய்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் 35-ல் ஒரு பங்கு வந்தது. அதுவே பிறகு உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

பொம்மைச் சிப்பாய்கள் அதற்கு ரொம்ப முன்பே உண்டு. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் தட்டையான தகரச் சிப்பாய்கள் வார்த்தார்கள். 1893-ல் லண்டனில் பிரிட்டன்ஸ் என்ற குடும்ப நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய்களை வார்க்கக் கற்றது. ஈயம் மிச்சம், விலை மலிவு, வீட்டுக்கு வீடு பொம்மைப் படை. அவர்களுடைய பழைய செட்டுகளில் மதராஸ் காலாட்படையும் உண்டு. சிவப்புக் கோட்டு போட்ட நம் ஊர்ச் சிப்பாய்களை வைத்து ஆங்கிலேயப் பையன்கள் விளையாடியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். பாகங்களைக் கையால் பிய்க்கக் கூடாது. நல்ல நகவெட்டியால் சட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவ வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தொழிற்சாலையில் தடவிய எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் பிடிக்காது. ஒட்டுவதற்கு ஃபெவிகால் ஆகாது. இது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதற்கென்று தண்ணீர் போல ஒரு திரவப் பசை இருக்கிறது. அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு ஒட்டு என்று தனியாக ஒன்று இருக்காது, பற்றவைத்தது போல ஆகிவிடும்.

ஒவ்வொரு பாகத்தின் விலாவிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். இரும்பு அச்சின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் பிளாஸ்டிக் கசிந்து நிற்கும் கோடு. அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால், வர்ணம் பூசிய பிறகு பேன்ட்டின் மேல் தழும்பு போலத் தெரியும். இதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது எனக்கு விளாச்சேரி ஞாபகம் வந்தது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொலு பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் அங்கேதான். அவர்களும் முன்பாதி ஓர் அச்சு, பின்பாதி ஓர் அச்சு என்று களிமண்ணை அழுத்தி எடுத்துச் சேர்க்கிறார்கள். சேர்ந்த இடத்தில் இதே கோடு வரும். ஈரக் கையால் தடவியும் சுரண்டியும் அதை மறைப்பார்கள். ஜப்பான் தொழிற்சாலைக்கும் விளாச்சேரித் திண்ணைக்கும் இந்தக் கோடு பொது.

பெட்டியில் ஒருவர் ஒரு காலை மண்டியிட்டுத் துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல் இருந்தார். உடம்பு, கால், கை எல்லாம் தனித்தனி என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தேன். துப்பாக்கியை முதுகில் மாட்டினேன். வலது கையைத் தோளில் கொஞ்சம் சாய்த்துச் சீவி, கீழ்நோக்கி ஒட்டினேன். இடது கையைத் தரைக்கு மேல் விரித்தாற்போல் வைத்தேன். தோளில் விழுந்த இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்தேன். ஆம், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைப்போமே, அதே எம்-சீல்தான். ஈர ஊசியால் அதிலேயே சட்டை மடிப்பையும் கீறலாம்.

கைக்கு ஒரு பயனட் வேண்டும். போரில் நம் படைக்குத் தந்த பயனட்டுகளில் பன்னிரண்டு அங்குல அலகு கொண்டவை உண்டு. 35-ஆல் வகுத்தால் ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவு. மிச்சமான ஸ்ப்ரூ துண்டை அகல் விளக்குச் சுடருக்கு மேல் காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் நூல் போல நீளும். அதில் ஒரு துண்டை நறுக்கி, பிளேடால் தட்டையாகச் சீவினேன்.

பயனட்டால் எதற்கு மண்ணைக் குத்த வேண்டும் என்று கேட்பீர்கள். எல் அலமேனில் ஜெர்மானியரும் இத்தாலியரும் புதைத்து வைத்த கண்ணிவெடிகள் சுமார் ஐந்து லட்சம். 'சாத்தானின் தோட்டம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காணும் கருவிகள் சுமார் 500 அந்தப் போருக்கு வந்து சேர்ந்தன. அவர் அதற்குக் காப்புரிமைகூடக் கேட்கவில்லை. ஆனால் ஐந்து லட்சம் வெடிக்கு 500 கருவி எந்த மூலைக்கு? மற்ற இடங்களில் சேப்பர்கள் மண்டியிட்டு, தவழ்ந்து, பயனட்டால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார்கள். நேராகக் குத்தக் கூடாது. சாய்த்துக் குத்தினால் முனை வெடியின் பக்கவாட்டில் தட்டும். மேலே இருக்கும் அழுத்துத் தட்டில் படாது. சோதித்து முடித்த பாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளை நாடா கட்டிவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிற படை அந்த நாடாக்களுக்கு நடுவே நடக்கும்.

என் பயனட்டை அந்தச் சாய்வில் ஒட்டுவதற்கு நான்கு முறை கோணம் பார்த்தேன். அப்போதுதான் அப்பாவின் ஒரு பழக்கம் எனக்கு முழுசாக விளங்கியது. வரப்பிலோ ஒற்றையடிப் பாதையிலோ போனால் முன்னே போகிறவரின் கால்தடத்திலேயே கால் வைத்து நடப்பார். எங்களையும் அப்படியே நடக்கச் சொல்வார். "முன்னாடி போனவன் வெச்ச இடத்துல வை தாயி" என்பார். தெருவில் கிடக்கும் டப்பாவை எந்தப் பிள்ளையும் காலால் எத்தக் கூடாது. எத்தினால் கையில் கிடைப்பதால் அடி விழும். மற்றபடி எங்கள்மேல் கை வைக்காத மனிதர். பாம்புக்குப் பயந்து சொல்கிறார் என்று அம்மா சொல்வார்கள். பாம்பு இல்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி ஐம்பது வருஷம் கழித்தும் அவர் வெள்ளை நாடாவுக்கு உள்ளேதான் நடந்துகொண்டிருந்தார்.

சரி, வர்ணத்துக்கு வருவோம். முதலில் சாம்பல் நிறப் பிரைமர். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயே போதும். மெல்லிய இரண்டு கோட். கெட்டியாக அடித்தால் முகத்தின் அம்சமெல்லாம் மூடிப்போகும். பிறகு அக்ரிலிக் வர்ணங்கள், ஜீரோ நம்பர், டபுள் ஜீரோ தூரிகைகள். நம் ஊர் மே மாதத்தில் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. அதற்கு ஒரு வழி உண்டு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத் துணி விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வர்ணத்தைக் குழைத்தால் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். காலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுவேன். கூடல் நகர் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்கும். வெயில் ஏறும் முன் இரண்டு மணி நேர வேலை.

காக்கி என்றவுடன் போலீஸ் காக்கியை நினைக்காதீர்கள். காக்கி என்ற சொல்லுக்குப் புழுதி நிறம் என்றுதான் பொருள். பாலைவனத்தில் போட்ட பருத்திச் சட்டையும் அரைக்கால் சட்டையும் வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்துப் பால் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சள் காவி, வெள்ளை, ஒரு துளி பழுப்பு. அது அடிப்படைக் கோட். காய்ந்ததும் பழுப்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து மேலே ஓடவிட வேண்டும். அது மடிப்புகளுக்குள் போய்த் தங்கி நிழலாகும். பிறகு வெளிர் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆனபின் மேடான இடங்களில் மட்டும் வருட வேண்டும். திருநீறு பூசிய பின் விரலில் ஒட்டியிருக்குமே, அந்த அளவு. நிஜ மனிதனுக்கு வெளிச்சமே நிழலைத் தந்துவிடும். இவ்வளவு சின்ன உருவத்தில் மடிப்புக்குள் விழும் நிழல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாம்தான் எழுதித் தர வேண்டும்.

தோளில் ஒரு சின்ன இருண்ட சதுரம், அதற்குள் சிவப்பாக ஒரு பருந்து. நான்காவது இந்திய டிவிஷனின் சின்னம் அது, 'செம்பருந்து டிவிஷன்' என்றே அழைத்தார்கள். இந்த அளவில் சதுரமே இரண்டு மில்லிமீட்டர்தான். சிறகுக்கு இரண்டு இழுப்பு, உடம்புக்கு ஒரு புள்ளி. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பருந்துதான்.

முகத்துக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டேன். பெட்டியில் உள்ள வர்ணக் குறிப்பில் தோலுக்கு 'ஃபிளெஷ்' என்று ஒரே ஒரு நிறம். ரோஜா கலந்த வெளுப்பு. சதை என்றால் அந்த ஒரு நிறம்தான் என்று யாரோ ஒருவர் எப்போதோ முடிவு செய்திருக்கிறார். அது எனக்கு உதவாது. அப்பாவின் படமோ கறுப்பு வெள்ளை. அவர் நிறம் என் நினைவிலும் என் கையிலும்தான் இருக்கிறது.

சிப்பாயை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு விளாச்சேரிக்கே போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி அங்கே வாக்கப்பட்டு, இப்போது பொம்மைகளுக்கு வர்ணம் எழுதுகிறாள். பேரைப் போட்டால் கூச்சப்படுவாள். லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இம்புட்டூண்டு மூஞ்சிக்கு நான் எழுதுனதே இல்ல டீச்சர்" என்றாள். பிறகு தொழில் பேசினாள். "பழுப்புல கொஞ்சம் செங்காவி சேத்து அடிக் கோட் குடுங்க. மேல வெளிச்சம் காட்டணும்னா வெள்ளைய மட்டும் தொட்றாதீங்க. வெள்ளை சேத்தா நம்ம நெறம் சாம்பல் பூத்தாப்ல ஆயிரும். செத்த மூஞ்சி மாதிரி இருக்கும். மஞ்சக்காவி சேருங்க. அப்பத்தான் வேர்த்தாப்ல மினுமினுன்னு உசுரா இருக்கும்."

அப்படியே செய்தேன். அவள் சொன்னது எந்தக் குறிப்புப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல. மூக்கு நுனி, கன்ன எலும்பு, முழங்கால், விரல் கணுக்கள் எல்லாவற்றிலும் மஞ்சள் காவி கலந்த ஒரு தொடுகை. அந்த நிமிடம் வரை அவர் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக். அதன் பிறகு நம் ஊர் ஆள்.

கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும். சிலைக்கும் பொம்மைக்கும் அதுதான் முறை. இங்கே கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெள்ளை விழி, கறுப்பு விழி என்று எழுதப் போனால் முறைப்பது போல ஆகிவிடும். வெயிலில் குனிந்து மண்ணைப் பார்க்கிறவருக்குக் கண் பாதி மூடித்தான் இருக்கும். ஆகவே ஒரு கரும்பழுப்புக் கோடு, அதற்கு மேல் புருவத்துக்கு இன்னொரு கோடு. இரண்டு மணிக்கட்டையும் மேசையில் ஒன்றோடொன்று முட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். புரை ஆபரேஷன் ஆன கண் இது. டாக்டருக்கு நன்றி.

அடியில் உள்ள நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல் அலமேன் என்றால் சினிமாவில் வரும் மணல் மேடு அல்ல. பெரும்பாலும் கல்லும் புழுதியும் முள்செடியும்தான். அந்தப் போரில் நம் டிவிஷன் நின்ற ருவெய்சாட் மேடு வெறும் பாறை. அதற்கு நம் ஆனையூர் மண்ணே பொருந்தியது. டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டினேன். ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைக் காகித நாடா. அவருடைய பயனட் முனை தொடும் இடத்தில், மண்ணுக்குள் பாதி தெரிகிற மாதிரி ஒரு கண்ணிவெடி. ஜெர்மானியரின் டெல்லர் மைன் 32 சென்டிமீட்டர் விட்டம், உள்ளே சுமார் ஐந்தரை கிலோ வெடிமருந்து. இந்த அளவில் அது ஒன்பது மில்லிமீட்டர். சட்டைக் கையின் சின்னப் பொத்தான் சரியாக அந்த அளவு. ஓட்டைகளை எம்-சீலால் அடைத்து, சாம்பல் நிறம் பூசிப் புதைத்தேன்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பெயரை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுபேதார் சுப்ரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். மெட்ராஸ் சேப்பர்ஸின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய குழு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் கால் ஒரு வெடியின் மேல் பட்டுவிட்டது. வெடிக்கப் போகிறது, சில நொடிதான் இருக்கிறது என்று தெரிந்ததும் சுப்ரமணியன் அதன் மேல் தன் உடம்பைப் போட்டு மூடினார். அவர் இறந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது தரப்பட்டது. அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்களா என்று சொல்ல அப்பா இல்லை. ஆனால் அதே படை, அதே வேலை, அதே குளிர்காலம்.

சிப்பாய் பொம்மை செய்வது போரைக் கொண்டாடுவது ஆகாதா என்று தங்கச்சி போனில் கேட்டாள். நியாயமான கேள்வி. குறி பார்க்கும் சிப்பாயைச் செய்திருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இவர் துப்பாக்கி முதுகில் கிடக்கிறது. இவர் செய்வது பின்னால் வருகிறவனின் காலைக் காப்பாற்றும் வேலை. எல் அலமேன் பக்கத்து மண்ணில் இன்றும் அந்தக் காலத்துக் கண்ணிவெடிகள் கிடக்கின்றன. எகிப்து நாட்டு மேய்ப்பர்களும் குழந்தைகளும் அதில் கைகால் இழந்திருக்கிறார்கள். போர் 1945-ல் முடிந்தது என்று நாம் கரும்பலகையில் எழுதினோம். மண்ணுக்கு அது இன்னும் முடியவில்லை.

காலாண்டு லீவுக்குப் பேரன் வந்தான். பையைக்கூட இறக்காமல் அலமாரிக்குப் போனான். சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்டுடியோ படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இந்த வட்டம் என்ன அம்மாச்சி?"

"கண்ணிவெடி."

"தாத்தா இத எடுத்துட்டாரா?"

"எடுத்துட்டாரு. எடுத்துட்டு வந்ததாலதான் நான் பிறந்தேன். உங்கம்மா பிறந்தா. நீ இருக்க."

மெதுவாகக் கட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்தான். "பெட்டில இன்னும் ஆளுங்க மிச்சம் இருக்காங்கல்ல?" என்றான். இப்போது ஒரு சிப்பாயை அவன் சுரண்டிக்கொண்டிருக்கிறான். மஞ்சள் காவியைப் பற்றி நான் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை. முதல் முறை டாங்கி, விமானம் என்று போகாமல் ஒரே ஒரு மனிதரைச் செய்யுங்கள். அவசரமாக வர்ணத்துக்குப் போகாமல் அச்சுக் கோட்டைச் சுரண்டுவதில் பாதி நேரத்தைச் செலவிடுங்கள். வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து மெல்லிய மூன்று கோட் பூசுங்கள். கெட்டியான ஒரு கோட் வேண்டாம். திரவப் பசையையும் ஸ்ப்ரேயையும் காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பிளேடு வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் தனியாக விடாதீர்கள்.

வீட்டுப் பாடமும் உண்டு, தப்பிக்க முடியாது. மதுரை, தேனி, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து வீடுகளில் இந்த மாதிரி ஒரு தாத்தா கட்டாயம் இருந்திருப்பார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், மடித்த இடத்தில் அது கிழிய ஆரம்பித்திருக்கும். மெடல் கிடைத்தால் புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்காதீர்கள். பின்னால் பொறித்திருக்கும் எழுத்து தேய்ந்துவிடும். அந்த எழுத்தில்தான் அவருடைய எண்ணும் படையும் இருக்கிறது. ரிப்பன் என்ன நிறம் என்று கமென்ட்டில் எழுதுங்கள். எந்தப் போர்முனை என்று உங்கள் சமூக அறிவியல் டீச்சர் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், அந்தத் தாத்தா எப்படி நடப்பார், எதற்குக் கோபப்படுவார் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். சான்றிதழில் அது இருக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆனையூர், மதுரை.